நெஞ்சை நிமிர்த்தாதே, தம்பி!

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பேண்ட் சத்தம் கேட்டால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். முப்பத்தொன்பது வருஷம் அதிலேயே கிடந்தவன், வேறு எப்படி இருப்பேன்?

சிவப்புக் கோட்டும் சரிகைப் பட்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். முன்வரிசையில் டிரம்பெட் ஊதியவனுக்கு மிஞ்சிப் போனால் பதினெட்டு வயது. நல்ல காது, நல்ல விரல். பழைய சினிமாப் பாட்டு ஒன்றைச் சுருதி பிசகாமல் வாசித்தான். ஆனால் என் கண் அவன் விரலைப் பார்க்கவில்லை. தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு ஏறி இருந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. கழுத்து நரம்பு சுண்டுவிரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. முட்டி இரண்டும் பூட்டுப் போட்டது மாதிரி விறைப்பு. சரணத்தில் உச்ச சுரம் வந்தபோது முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

பாட்டு முடிந்ததும் எங்கள் வீட்டு எதிரே இருக்கிற கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன்.

"என்னப்பா, தலை சுத்துதா?"

"ஆமா தாத்தா. மேல போனா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். எல்லாருக்கும் அப்படித்தான், பழகிடும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு."

'எல்லாருக்கும் அப்படித்தான், பழகிடும்.' இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், இதே வாக்கியத்தை நானே எத்தனையோ பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இன்று இதை எழுத உட்கார்ந்தேன். பேண்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூச்சு விடுகிற எல்லாருக்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-ல் பத்தொன்பது வயதில் ஒரு சீருடைப் பேண்டில் சேர்ந்தேன். எந்தப் படை, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அது அழகல்ல. எனக்குக் கொடுத்த வாத்தியம் யூபோனியம். தெரியாதவர்களுக்காக: டிரம்பெட்டுக்குப் பெரியப்பா, டியூபாவுக்குத் தம்பி. நாலு கிலோ அளவு கனக்கும். இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கை விரலால் வால்வை அழுத்தி வாசிக்க வேண்டும். நாலு கிலோ என்ன பெரிய கனம் என்று கேட்காதீர்கள். கைக்குழந்தையைக்கூட நாம் இடுப்பு மாற்றிச் சுமக்கலாம். இதை மாற்ற முடியாது. அணிவகுப்பில் ஒரு மணி நேரம் அப்படியே நின்று பார்த்தால்தான் தெரியும்.

சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சுரம் அல்ல. நிற்பது. "நெஞ்சை நிமிர்த்து! வயித்தை உள்ள இழு! தோளைப் பின்னால தள்ளு! மோவாயை உள்ள வை!" இது கவாத்துக்குச் சரி. ஆனால் அதே நிலையில்தான் வாத்தியத்தையும் வாயில் வைக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் பித்தளைப் பக்கிள் வைத்த அகலப் பெல்ட். வயிறு தெரியக் கூடாது என்று கடைசி ஓட்டை வரைக்கும் இறுக்குவோம். பிறகு மாஸ்டர் வரிசையாக வந்து ஒவ்வொருவர் வயிற்றிலும் முஷ்டியால் ஒரு குத்துக் குத்துவார். வயிறு கல்லு மாதிரி இருக்க வேண்டும். இருந்தால் "டயாபிரம் நல்லா இருக்கு" என்பார். இல்லையென்றால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம்.

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருக்கு அவருடைய மாஸ்டர் சொன்னது அது. எங்களுக்கு இசைக்குறிப்பு படிக்கக் கற்றுக் கொடுத்த புண்ணியவான் அவர். ஆனால் மூச்சு விஷயத்தில் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத்தான் பதினைந்து வருஷம் கழித்து நான் சீனியர் ஆனதும் அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த அடுத்தவன் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். 1989-ல் சேர்ந்தான். டிரம்பெட். இருபது வருஷத்தில் எங்கள் பேண்டில் அப்படி ஒரு தொனியை நான் கேட்டதில்லை. தேன் மாதிரி என்று எழுதினால் பழைய உவமை என்பீர்கள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் என் குருவைப் போலவே வயிற்றில் குத்தினேன். "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்றேன். உச்ச சுரத்தில் தலை சுற்றுகிறது என்றான். "பழகிடும்" என்றேன்.

ஏழு வருஷத்தில் அவனுக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி வாசித்தான். மூன்று வருஷம் கழித்து மறுபக்கத்திலும் வந்தது. அதற்குப் பிறகு டிரம்பெட்டைத் தொட வேண்டாம் என்று வீட்டில் அழுதார்கள். அவனைச் சிம்பல்ஸ் தட்டப் போட்டார்கள். அந்தத் தொனிக்குச் சொந்தக்காரன் பாக்கி சர்வீஸ் முழுவதும் இரண்டு தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

டிரம்பெட் ஊதியதால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. குடலிறக்கத்துக்குப் பல காரணம் உண்டு. பிறவியிலேயே தசை பலவீனமாக இருக்கலாம். கனம் தூக்கியதாலும் வரலாம், விடாத இருமலாலும் வரலாம். ஆனால் வயிற்றுக்குள் அழுத்தத்தை நாளெல்லாம் ஏற்றிக்கொண்டே இருப்பது அதற்கு நல்லதல்ல என்பது எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வது. அந்த அழுத்தத்தை ஏற்றச் சொன்னவன் நான்.

எனக்குக் கண் திறந்தது 2009-ல். எனக்கே ஒரு ஆபரேஷன் நடந்தது. பித்தப்பைக் கல். மறுநாள் காலையில் பிசியோதெரபி பார்க்கிற பெண் வந்தாள். என் மகளைவிட இளையவள். "சார், ஆழமா மூச்சை இழுங்க" என்றாள். நான் பேண்ட்காரன், மூச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பில் ஓங்கி இழுத்தேன். அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க தலைகீழா மூச்சு விடுறீங்க. இழுக்கும்போது வயிறு உள்ள போகுது, தோள் மேல வருது."

முப்பத்தைந்து வருஷம் காற்று ஊதிச் சம்பளம் வாங்கியவனுக்கு மூச்சு விடத் தெரியவில்லை என்று ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டாள்! முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, இதைப் பற்றி என்னவெல்லாம் கிடைக்கிறதோ எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். அதில் படித்ததையும், என் உடம்பிலேயே சோதித்துப் பார்த்ததையும்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் பொய்: வயிற்றில் காற்றை நிரப்புவது. வயிற்றில் நுரையீரல் இல்லை. நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் கொஞ்சம் மேலே இருக்கிறது. அடிப்பக்கம் விலா எலும்புக் கூட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குடை விரித்த மாதிரி ஒரு தசை. உதரவிதானம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாங்கள் சொல்லும் டயாபிரம் அதுதான். மூச்சை இழுக்கும்போது அந்தக் குடை கீழே இறங்கித் தட்டையாகிறது. கீழே இருக்கிற குடல், ஈரல் எல்லாம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் வயிறு முன்னாலும் பக்கத்திலும் கொஞ்சம் தள்ளுகிறது. விலா எலும்புகளும் வாளியின் கைப்பிடியைத் தூக்குகிற மாதிரி பக்கவாட்டில் விரிகின்றன. ஆகவே வயிறு அசைவது காற்று அங்கே போனதால் அல்ல. மேலே காற்றுக்கு இடம் கிடைத்ததன் அடையாளம். வயிற்றைக் கல்லாக்கிப் பெல்ட்டால் கட்டிவிட்டால் குடை எங்கே இறங்கும்? அதனால்தான் தோளைத் தூக்கி மேல்நெஞ்சில் கொஞ்சம் காற்றைத் திணித்துக்கொள்கிறோம்.

இரண்டாவது பொய்: டயாபிரத்தால் ஊதுவது. அந்தத் தசை வேலை செய்வது முக்கியமாக மூச்சை இழுக்கும்போது. வெளியே விடும்போது அது தளர்ந்து மேலே திரும்புகிறது. காற்றை வெளியே தள்ளுவது வயிற்றுச் சுவரின் தசைகளும் விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தசைகளும். இதில் இன்னொரு வேடிக்கை. உதரவிதானம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கையைக் காலை உணர்கிற மாதிரி நம்மால் உணர முடியாது. உணரவே முடியாத ஒரு தசையை 'இறுக்கு, இறுக்கு' என்று கத்தினால் பையன் எதை இறுக்குவான்? கைக்குக் கிடைத்ததை எல்லாம் இறுக்குவான். வயிறு, தொண்டை, கழுத்து, பல், எல்லாம்.

மூன்றாவது விஷயம் தொண்டையில் போடுகிற பூட்டு. முழுமூச்சை இழுத்து, ஒரு கணம் அடைத்து வைத்து, பிறகு உச்ச சுரத்தை வெடிக்கிறோம் பாருங்கள், அது. விமானத்தில் காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவோமே, அதற்கு இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1666-ல் பிறந்த மனிதர். கனமான மூட்டையைத் தூக்கும்போதும் மலச்சிக்கலில் முக்கும்போதும் நாம் செய்வது கிட்டத்தட்ட அதுதான். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் குறைகிறது. தலைக்குப் போகிற ரத்தமும் குறைகிறது. கண் இருட்டுகிறது. போதாக்குறைக்கு முட்டியைப் பூட்டிக்கொண்டு வெயிலில் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். குடியரசு தின அணிவகுப்பில் பேண்ட்காரர்கள் சாய்ந்து விழுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'காலையில் சாப்பிடவில்லை' என்று எழுதிவிடுவார்கள்.

டிரம்பெட்டின் உச்ச சுரத்துக்கு அழுத்தம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் காற்று குறைவாகத்தான் செலவாகும். டியூபாவுக்கு நேர்மாறு. அழுத்தம் குறைவு, காற்று வண்டி வண்டியாக வேண்டும். யூபோனியம் நடுவில். இந்த வித்தியாசத்தைக்கூட எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் ஒரே கட்டளை, ஒரே குத்து.

இதை எல்லாம் உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். 1915-ல் பிறந்து 1998-ல் மறைந்தவர். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தார். அவருடைய சொந்த நுரையீரல் ஒன்றும் பெரிய நுரையீரல் அல்ல. உடல்நிலையால் அது குறுகிப் போயிருந்தது. அப்படிப்பட்டவர்தான் உலகத்தின் பித்தளை வாத்தியக்காரர்களுக்கு எல்லாம் மூச்சு வாத்தியார் ஆனார். அவர் போதனையின் சாரம் இரண்டே வார்த்தை: பாட்டு, காற்று. மனதில் பாட்டை ஓட விடு, உதட்டுக்குக் காற்றைக் கொடு, தசையைப் பற்றிக் கவலைப்படாதே என்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. எனக்கோ வயிற்றில் வாங்கிய குத்து எல்லாம் வீண் என்று புரிந்தது.

இன்னொருவர் எஃப்.எம். அலெக்சாண்டர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1869-ல் பிறந்தவர். மேடையில் நாடகப் பகுதிகளைப் பேசி நடிப்பது அவர் தொழில். திடீரென்று மேடையில் குரல் கம்மிப் போக ஆரம்பித்தது. மருத்துவரிடம் போனார், பலன் இல்லை. கண்ணாடிகளை வைத்துக்கொண்டு தன்னையே கவனித்தார். வாயைத் திறக்கும் முன்பே தலையைப் பின்னாலும் கீழேயும் இழுத்து, குரல்வளையை அழுத்தி, சத்தத்தோடு மூச்சை உறிஞ்சுவது தெரிந்தது. அந்தப் பழக்கத்தை விட்டதும் குரல் திரும்பியது. அவர் பெயரால் வழங்கும் பயிற்சி முறை இன்று லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் போன்ற இடங்களில் பாடமாகவே இருக்கிறது. எங்கள் தெருவில் டிரம்பெட் ஊதிய பையன் செய்ததும் அலெக்சாண்டர் கண்ணாடியில் பார்த்ததும் ஒன்றுதான்.

தலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் நாம் எல்லாரும் பிடரியைத் தொட்டுக் காட்டுவோம். உண்மையில் மண்டை ஓடு முதுகெலும்பின் மேல் உட்காருகிற மூட்டு இரண்டு காதுகளுக்கும் நடுவில், நாம் நினைப்பதைவிட மேலே, உள்ளே இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து கிலோ கனமுள்ள தலை அங்கே தராசு மாதிரி நிற்க வேண்டும். வாத்தியத்தின் மவுத்பீஸைத் தேடி நாம் தலையை முன்னால் நீட்டினால் அந்தக் கனம் முழுவதையும் கழுத்துத் தசைகள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கழுத்து இறுகினால் தொண்டை இறுகும். தொண்டை இறுகினால் தொனி இறுகும். ஆகவே வாய் வாத்தியத்திடம் போகக் கூடாது. வாத்தியம் வாயிடம் வர வேண்டும். இது ஒன்றை மட்டும் ஒரு பையன் பழகினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இனி எனக்குப் பதில் சொல்ல வருகிறவர்களுக்கு.

"அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தானே வாசித்தார்கள்?" என்று என் சகாக்களே கேட்கிறார்கள். வாசித்தவர்களைத்தான் நாம் பார்த்தோம். நடுவில் விட்டுப் போனவர்களையும் முதுகுவலியால் ஆபீஸ் டியூட்டிக்குப் போனவர்களையும் சிம்பல்ஸுக்குப் போனவர்களையும் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

"விறைப்பாக நிற்காவிட்டால் பேண்டுக்கு என்ன அழகு?" இது நியாயமான கேள்வி. கூன் போட்டு நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூனினாலும் விலா எலும்பு அசையாது. ஆனால் நிமிர்வது வேறு, விறைப்பது வேறு. நம் ஊரில் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் யாரும் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நடக்கவில்லை. கழுத்து தளர்வாக இருக்கும், முட்டி நெகிழ்வாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாது. அதைவிட நிமிர்ந்த நடை எந்த அணிவகுப்பில் இருக்கிறது? கவாத்து மாஸ்டர் "அட்டென்ஷன்" சொல்லட்டும், நிற்போம். வாத்தியம் வாய்க்கு வந்த பிறகு உடம்பு வாசிப்பவனுடையது என்று விட்டுவிட வேண்டும். பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்தினால் ஒழுங்கு கெட்டுப் போகாது.

"பிராணாயாமம் செய்தால் போதாதா?" நானும் தினமும் செய்கிறவன்தான். நல்லது. ஆனால் போதாது. பிராணாயாமத்தில் மூக்கால் நிதானமாக இழுக்கிறோம், கும்பகத்தில் நிறுத்துகிறோம். பித்தளை வாத்தியத்தில் இரண்டு சொற்றொடருக்கு நடுவில் அரை நொடிதான் இருக்கும். வாயால் இழுக்க வேண்டும், நிறுத்தவே கூடாது. ஊஞ்சல் ஒரு முனைக்குப் போய்த் திரும்புகிற மாதிரி, உள்ளே வந்த மூச்சு அப்படியே வெளியே திரும்ப வேண்டும். நிறுத்தினால் அங்கேதான் தொண்டைப் பூட்டு விழும்.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் எங்கள் ஊர்ச் சபையின் பையன்களுக்கு ஓய்வுக்குப் பிறகு சொல்லிக் கொடுப்பதை அப்படியே தருகிறேன். வாத்தியத்தைத் தொடும் முன் பத்து நிமிஷம்.

1. தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். தலைக்கு இரண்டு புத்தகம். முட்டியை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்ற வேண்டும். ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை விலாவின் பக்கத்திலும் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விட வேண்டும். எதையும் தள்ளக் கூடாது. தானாக எது அசைகிறது என்று பார்த்தால் போதும். மூன்று நிமிஷம்.

2. எழுந்து நின்று முட்டியை ஒரு முறை லேசாக மடக்கி விட வேண்டும். பூட்டு விழாத இடம் அது. முன்னும் பின்னும் லேசாக ஆடிப் பார்த்து, குதிகாலிலும் முன்பாதத்திலும் கனம் சமமாக விழும் இடத்தில் நிற்க வேண்டும். உட்கார்ந்து வாசிப்பதானால் சாயாமல், பிட்டத்தின் அடியில் தட்டுப்படும் இரண்டு எலும்புகளின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் சரிந்த பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு எதிரி.

3. நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விட வேண்டும். பிறகு நாலுக்கு எட்டு. பிறகு நாலுக்குப் பன்னிரண்டு. அதன்பின் இழுப்பதை இரண்டாக்கி, ஒன்றாக்கிக் கொண்டு வர வேண்டும். இழுக்கும்போது சத்தம் வந்தால் தொண்டை குறுகியிருக்கிறது என்று அர்த்தம். கொட்டாவியை நினைத்துக்கொண்டு இழுத்தால் சத்தம் போய்விடும். தலை லேசாகச் சுற்றினால் உடனே நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும்.

4. ஒரு துண்டுக் காகிதத்தைச் சுவரில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஊதி அது கீழே விழாமல் பிடிக்க வேண்டும். காற்று விட்டு விட்டுப் போனால் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும்.

5. கடைசியாக, கண்ணாடி முன்னால் நின்று வாத்தியத்தை வாய்க்குக் கொண்டு வர வேண்டும். தலை நகர்கிறதா, தோள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் இறக்கி வைத்துவிட்டு மறுபடி.

இதற்குக் காசு செலவில்லை. ஒரு பாயும் ஒரு கண்ணாடியும் போதும். வயிற்றில் குத்த ஆளும் வேண்டாம்.

எனக்கு என்ன பலன் என்று சொல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். 2013-ல் ஓய்வு பெற்றபோது படை யூபோனியத்தை ஒப்படைத்துவிட்டு வந்தேன். இனி ஊதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு வருஷம் தாங்கவில்லை. மீரட்டில் ஜலி கோட்டி என்று ஒரு இடம். வட இந்தியக் கல்யாண பேண்டுகளுக்கு எல்லாம் வாத்தியம் செய்கிற தெரு. அங்கிருந்து ஒன்று வரவழைத்தேன். ஐம்பத்தொன்பது வயதில் ஆரம்பப் பாடம் மாதிரி மறுபடி ஆரம்பித்தேன். வயதானால் நுரையீரல் கொள்ளளவு குறையும். அது இயற்கை, எனக்கும் குறைந்திருக்கும். ஆனால் இன்று எழுபதில் நான் ஒரே மூச்சில் பிடிக்கிற சுரம் நாற்பதில் பிடித்ததைவிட நீளம். காற்று கூடவில்லை. வீணாக்குவது குறைந்திருக்கிறது. முதுகுவலி மாத்திரையை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது.

இந்த நல்ல செய்திதான் எனக்கு வலிக்கவும் செய்கிறது. இது முப்பது வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் அந்தத் தம்பி டிரம்பெட்டோடு ஓய்வு பெற்றிருப்பானோ என்னவோ.

மாப்பிள்ளை அழைப்பு நடந்த மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். அவனும் இப்போது பென்ஷன்காரன், பேரன் பேத்தி எடுத்தவன். குசலம் விசாரித்துவிட்டு, "தம்பி, உனக்கு நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. வயித்தை இறுக்கச் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சுரு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"விடுங்கண்ணே. உங்களுக்கு மட்டும் யார் சொன்னா?" என்றான். பிறகு, "டிரம்பெட் இன்னும் பீரோ மேலதான் இருக்கு. வால்வு எல்லாம் பிடிச்சுப் போயிருக்கும்" என்றான்.

இரண்டு தடவை ஆபரேஷன் ஆனவனிடம் எடுத்து ஊது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. "டாக்டரைக் கேளு. அவர் சரின்னு சொன்னா, எண்ணெய் போட்டு வை. நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கல்யாண பேண்ட் பையனும் செவ்வாய்க்கிழமை வந்தான். சொம்புத் தண்ணீர் கொடுத்தபோதே வரச் சொல்லியிருந்தேன். கூடத்தில் பாய் விரித்துத் தலைக்கு இரண்டு பழைய பஞ்சாங்கத்தை வைத்துப் படுக்க வைத்தேன். சமையலறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரி, பையன் மயங்கிக் கிடக்கிறான் என்று நினைத்து ஒரு சத்தம் போட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் அவன் வயிறு குலுங்கியதைப் பார்த்து, "இதுதான், இந்தத் தசைதான் காத்தைத் தள்ளுது. இதைப் போய்க் கல்லாக்கி வச்சிருக்கியே" என்றேன். சிரிப்பைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பேண்ட் மாஸ்டர்களுக்கும் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பையனுக்குத் தலை சுற்றினால் 'பழகிடும்' என்று சொல்லாதீர்கள். நிறுத்தி, அவன் எப்படி நிற்கிறான், எப்படி மூச்சு இழுக்கிறான் என்று பாருங்கள். சரி செய்தும் தலை சுற்றினால் டாக்டரிடம் அனுப்புங்கள். பேரனோ பேத்தியோ டிரம்பெட்டும் டிராம்போனும் கற்கிற வீட்டில் இருக்கும் என் வயதுக்காரர்களும் ஒருநாள் பயிற்சி நேரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். இசை தெரிய வேண்டும் என்று இல்லை. தோள் காதுக்கு ஏறுகிறதா என்று பார்க்கக் கண் போதும்.

பையன் மறுபடி வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். பாய் கூடத்திலேயே இருக்கிறது.